தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள்

நிவித்திகல, மேல் டிவிஷன்
5 மே 2025

அன்புள்ள மாப்பிள்ளை ராஜதுரைக்கு,

மாரியம்மன் புண்ணியத்தில் உன் அக்கா சீதாதேவி இங்கே சுகமாக இருக்கிறாள். நானும் இருக்கிறேன். பலாங்கொடையில் நீயும் வீட்டாரும் உன் குழாய்க் கடையும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்குகிறான் என்று யோசிப்பாய். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரைப் போட்டால்தான் கேட்கும். ஸ்பீக்கரைப் போட்டால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கோடிக் காம்பரா வரைக்கும் கேட்கும். கோயில் கூரைச் சங்கதி என்றால் கேட்டுவிட்டுப் போகட்டும். இது அப்படிப்பட்டதில்லை. நீயும் இதைப் பற்றிப் போனில் வாயைத் திறந்துவிடாதே.

கொஞ்ச காலமாக எனக்கு ஒன்றுக்குப் போவது சரியில்லை. முட்டிக்கொண்டு வருகிறது, ஓடிப் போனால் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது, திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் முட்டுகிறது. கிழவனுக்கெல்லாம் உள்ளதுதானே என்று விட்டுவிட்டேன். போன மாதம் சர்க்கரைக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டு, இரத்தம் பார்க்கச் சொன்னார். அதில் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கிறதாம். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே புரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அறுபத்தாறு வயது வரைக்கும் அது என்னோடுதான் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. இரத்தினபுரி பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். எதற்கு என்று சிங்களத்தில் கேட்டேன். புற்றுநோயா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் தலைவராக இருந்து எத்தனை துரைமாரோடு மல்லுக்கு நின்றவன் நான். பயப்படுகிறேன் என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். உன் அக்காவுக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது.

உன் பதிலை எதிர்பார்க்கும்
ஐயாவு


பலாங்கொடை
12 மே 2025

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே மழையைத் தவிர எல்லோரும் ஒழுங்காக இருக்கிறோம். உங்கள் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். வந்த ஆளுக்கு அரை இஞ்ச் பைப்புக்குப் பதிலாக ஒரு இஞ்ச் பைப்பை அறுத்துக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து மருந்துக்கடை அஸீஸ் நானாவிடம் உங்கள் பெயரைச் சொல்லாமல் விசாரித்தேன். இரத்தத்தில் அது கூடுதலாக இருந்தால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லையாம். சுரப்பி சும்மா வீங்கினாலும் கூடுமாம். அதனால்தான் ஸ்கேன். நோயாக இருந்தாலும் நேரத்தோடு கண்டுபிடித்தால் பிழைத்துக்கொள்ளலாம், ஒளித்து வைத்தால்தான் ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்கேனில் நோவு கிடையாது. எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தபோது எடுத்தார்கள். வயிற்றின் மேல் ஒரு கருவியை வைத்துத் தேய்ப்பார்கள், சத்தத்தை உள்ளே அனுப்பிப் படம் எடுக்குமாம், நமக்கு ஒன்றும் கேட்காது. ஒன்றே ஒன்றுதான் கஷ்டம். தண்ணீரை நிறையக் குடித்து, போகாமல் அடக்கி வைத்திருக்க வேண்டும். பை நிரம்பியிருந்தால்தான் அதன் கீழே இருக்கிற சுரப்பி படத்தில் தெளிவாகத் தெரியும்.

திகதி கிடைத்ததும் எழுதுங்கள். கடையைப் பூட்டிவிட்டு நான் கூட வருகிறேன். அக்காவிடம் சொல்லிவிடுவது நல்லது என்று எனக்குப் படுகிறது. உங்கள் இஷ்டம்.

உங்கள் மைத்துனன்
ராஜதுரை


மேல் டிவிஷன்
24 மே 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மனசு கொஞ்சம் ஆறியது. இங்கே அட்டையும் மழையும்தான் சௌக்கியமாக இருக்கின்றன. உன் அக்காவுக்கு முழங்கால் வலி, அதைத் தவிரக் குறை ஒன்றுமில்லை.

ஜூன் முதல் வாரத்தில் திகதி கொடுத்திருக்கிறார்கள். நீ வர வேண்டாம். கடையைப் பூட்டிவிட்டு நீ வந்து நின்றால், என்ன ஏது என்று ஊரே கேட்கும். நான் என்ன பாலர் வகுப்புப் பிள்ளையா, கையைப் பிடித்துக் கூட்டிப் போக? கோயில் கூரைக்குத் தகரம் விலை கேட்கப் போகிறேன் என்று உன் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தை ஆஸ்பத்திரி மிஸ்ஸும் சொன்னாள். அங்கே வந்து குடித்தால் போதும் என்றாள். டவுன் தண்ணீரைப் போத்தலில் வாங்கிக் குடிக்க எனக்கு என்ன தலையெழுத்து? மலையிலிருந்து விழும் நம் பீலித் தண்ணீரை வீட்டிலேயே வயிறு முட்டக் குடித்துவிட்டு பஸ் ஏறுவேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஒரு நாள் பிந்திப் போனவன் இல்லை நான். போய் இறங்கியதும் ஆயத்தமாகப் படுக்கையில் ஏற வேண்டியதுதான்.

சகுனம் பார்க்கிறவன் இல்லை நான். ஆனாலும் அன்று காலையில் எனக்காக உன் கடைச் சாமிப் படத்துக்கு ஒரு கற்பூரம் கொளுத்து.

இப்படிக்கு
ஐயாவு


பலாங்கொடை
16 ஜூன் 2025

மச்சான் அவர்களுக்கு,

இந்தக் கடிதம் உங்களை நல்ல சுகத்தோடு சந்திக்கட்டும். கற்பூரம் கொளுத்தினேன். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

தபால்காரன் கடையைத் தாண்டிப் போகிறபோதெல்லாம் எழுந்து நிற்கிறேன். போன கிழமை போன் எடுத்தேன், அக்காதான் பேசினா. உங்களைக் கேட்டதற்கு கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னா. என்ன கேட்பது என்று தெரியாமல் மழை எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் யோசித்தேன், அக்காவும் என்னிடம் வேறு எதையோ கேட்க வந்து நிறுத்தியது போல இருந்தது.

நல்லதோ கெட்டதோ, ஒரு வரி எழுதுங்கள் மச்சான். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் என்னால் தாங்க ஏலாது.

உங்கள்
ராஜதுரை


மேல் டிவிஷன்
22 ஜூன் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ வீணாகக் கலங்கிக்கொண்டிருக்கிறாய். கோயில் வேலையில் எழுத நேரம் கிடைக்கவில்லை.

போனேன், எடுத்தார்கள், முடிந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். படுக்க வைத்து, வெதுவெதுப்பான எண்ணெய் ஒன்றைத் தடவி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எழும்பிப் போகச் சொன்னார்கள். ஒரு நிமிஷ வேலை. தண்ணீர் குடித்ததுகூடத் தேவைப்படவில்லை. ரிப்போர்ட்டை அவர்களே வைத்துக்கொள்வார்களாம். திரும்பி வரும்போது நல்ல மழை, தெப்பமாக நனைந்துவிட்டேன், அதில் இரண்டு நாள் தடிமனும் தும்மலும். இப்போது சுகம்.

இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுவோம். தகரம் பற்றி எழுது. கோயில் என்றால் உன் கடையில் விலை குறைப்பாயா, மாட்டாயா?

இப்படிக்கு
ஐயாவு


பலாங்கொடை
27 ஜூன் 2025

மச்சான் அவர்களுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

உங்கள் ஆஸ்பத்திரியில் நல்ல வசதிதான். எனக்கு ஸ்கேன் எடுத்த இடத்தில் தடவினது எண்ணெய் இல்லை, பசை. ஐஸ் மாதிரிக் குளிர்ந்து, நான் படுக்கையை விட்டே துள்ளிவிட்டேன். ஒரு தடவை பார்த்த பிறகு ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்லி, எவ்வளவு மிஞ்சி நிற்கிறது என்று மறுபடியும் பார்த்தார்கள். உங்களுக்கு அப்படிப் போய்விட்டு வரச் சொல்லவில்லையா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

தகரத்துக்கு விலை குறைக்கலாம். நீங்கள் நேரில் வந்தால் இன்னும் குறைக்கலாம்.

உங்கள்
ராஜதுரை


மேல் டிவிஷன்
18 ஜூலை 2025

தம்பி ராஜதுரைக்கு அக்கா எழுதுவது,

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை, நடமாடுகிறேன்.

உன் கடைசிக் கடிதத்துக்கு அவர் பதில் போட மாட்டார். நீ எழுதுவதையெல்லாம் படித்துவிட்டுக் கூரை வளையில் சொருகி வைக்கிறார். நான் எடுத்துப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். முதல் கடிதத்திலிருந்தே பார்க்கிறேன்.

அவர் ஸ்கேன் எடுக்கவில்லை தம்பி. தேத்தண்ணீரைக்கூடக் குறைத்துவிட்ட மனுஷன் அன்றைக்குக் காலையில் செம்பு செம்பாகத் தண்ணீரைக் குடித்தார். சலவை செய்த வெள்ளைச் சாரத்தைக் கட்டிக்கொண்டு போனார். மத்தியானச் சோறு வடிப்பதற்குள் திரும்பி வந்து வாசலில் நின்றார். தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஓடியது. குடை கையில் இருந்தது. வாங்கி விரித்துப் பார்த்தேன், மேலே மட்டும் ஈரம், மடிப்பெல்லாம் காய்ந்து கிடந்தது. அந்த மழையில் குடையை விரிக்காமல் எதற்கு நனைந்தார்? சட்டையைக் கழற்றிக் கொடுத்தவர் சாரத்தைக் கொடுக்கவில்லை. தானே பீலிக்குக் கொண்டுபோய்த் துவைத்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு துண்டைக்கூட அவர் துவைத்து நான் பார்த்ததில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த பஸ்ஸில் கீழ் டிவிஷன் பொம்பளைகளும் போனார்கள். அவர்கள் வாயிலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை, ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் அதற்குப் பிறகு பஸ்ஸே ஏறவில்லை. டவுனுக்குப் போக வேண்டும் என்றால் ஏதாவது சாக்குச் சொல்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். டாக்டர் கொடுத்த துண்டு அவர் டிரங்குப் பெட்டியில் இருந்தது, இதோடு வைத்திருக்கிறேன். எப்படியாவது கூட்டிக்கொண்டு போ. எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதே, கூனிக் குறுகிப் போவார். எனக்குப் பதிலும் போடாதே, கடிதத்தைத் தோட்ட ஆபீஸிலிருந்து எடுத்து வருவது அவர்தான்.

அக்கா
சீதாதேவி


பலாங்கொடை
24 ஜூலை 2025

மச்சான் அவர்களுக்கு,

அக்காவும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நான் அவ்வளவு நலமில்லை. பழைய கல் வந்த இடத்தில் மறுபடியும் வலிக்கிறது. இரத்தினபுரிக்குப் போய் ஸ்கேனுக்குத் திகதி எடுத்து வந்துவிட்டேன், அடுத்த மாதம் நடுவில். போன தடவை மாமனார் கூட வந்தார், இப்போது அவர் இல்லை. தனியே அந்த அறைக்குள் போக எனக்குத் தைரியமில்லை. சிரிக்க வேண்டாம். நீங்கள் துணைக்கு வர வேண்டும்.

நீங்கள் பஸ்ஸில் இடிபட வேண்டியதில்லை. நிவித்திகல றம்ஸானின் த்ரீவீல் எப்படியும் அன்றைக்கு என் சாமானை எடுக்க டவுனுக்கு வருகிறது. லயத்துக்கே வரச் சொல்லியிருக்கிறேன். சொன்ன இடத்தில் சொன்ன நேரம் நிறுத்துவான், கேள்வி கேட்க மாட்டான். தண்ணீரை வீட்டில் குடிக்காமல் அங்கே போய்க் குடிக்கத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு இருக்கிறது. அதில்தான் உட்காரப் போகிறேன்.

மாட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள்
ராஜதுரை


மேல் டிவிஷன்
1 ஓகஸ்ட் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா வழக்கம் போல இருக்கிறாள். இரண்டு நாளாக என்னைப் பார்த்து எதற்கோ சிரிக்கிறாள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

ஒரு கல்லுக்கு இவ்வளவு பயமா? உன் கடையில் இரும்பு விற்று என்ன பிரயோசனம்? அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க எனக்கு இஷ்டமில்லை. கோயில் வேலை தலைக்கு மேலே கிடக்கிறது. ஆனாலும் அக்கா தம்பி என்று பார்த்தால் நான் வராமல் வேறு யார் வருவது? வருகிறேன். உன்னை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். எனக்கு எதையும் குடிக்கத் தரக் கூடாது.

ஐயாவு


மேல் டிவிஷன்
20 ஓகஸ்ட் 2025

அன்புள்ள கள்ளனுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்குக் கல்லும் இல்லை மண்ணும் இல்லை.

அந்த வாங்கில் நீ ஒரு போத்தலைக் குடித்துவிட்டு எனக்கு ஒன்றை நீட்டியபோதே எனக்கு விளங்கிவிட்டது. எழுந்து போயிருக்கலாம். தோட்டத் தலைவர் ஒரு போத்தல் தண்ணீருக்குப் பயந்தாரா என்று நீ கேட்டதுதான் குற்றம். பிறகு மிஸ் வந்து ஐயாவு என்று கூப்பிட்டாள். என் பெயரில்தான் திகதி எடுத்திருக்கிறாய். உன்னைத் திரும்பிப் பார்த்தேன், நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கழிப்பறைக்கு ஓட வேண்டும் என்று உன் கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

நீ எழுதியது சரிதான், அந்தப் பசை ஐஸ் போலத்தான் இருக்கிறது. ஜூன் மாதம் நான் அந்த வாசல் வரைக்கும் வரவில்லை. ஏன் என்று கேட்காதே, எழுத முடியாது.

தமிழ் தெரிந்த சின்ன டாக்டர் ஒருவர் திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்பாக, கிணறு மாதிரி இருப்பது மூத்திரப்பை. அதன் கீழே சாம்பல் நிறத்தில் இருப்பதுதான் சுரப்பி, இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருக்கிறதாம். அதில் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தது. அந்த இடத்தில் கருவியைத் திருப்பித் திருப்பி வைத்தார். அந்த நேரம் நான் மாரியம்மனைக் கூப்பிட்டுவிட்டேன், மாப்பிள்ளை. மேலாலே பார்த்து எதுவும் முடிவு சொல்ல முடியாது என்றார். பின்வழியாக ஒரு கருவியை வைத்து, கிட்டத்திலிருந்து படம் பார்த்துக்கொண்டே ஊசியால் துளித் துளியாகச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம். பின்வழியாகவா என்று நான் எழுந்தே விட்டேன். மிஸ் என் தோளைத் தட்டி, "சீயா, லஜ்ஜ வென்ன எப்பா" என்றாள். வெட்கப்படாதே தாத்தா என்று பேத்தி வயதுப் பெண் எனக்குச் சொல்ல வேண்டி வந்துவிட்டது.

இந்த வயதில் இந்த மானக்கேடு வேண்டுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். திகதி தந்திருக்கிறார்கள். றம்ஸானிடம் நீயே சொல்லிவிடு.

ஐயாவு


பலாங்கொடை
11 செப்டெம்பர் 2025

மச்சான் அவர்களுக்கு,

ஊசியால் சதை எடுத்த இடத்தில் நோவு குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சில நாளில் நிற்கும் என்றுதான் டாக்டர் சொன்னார். காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. தந்த மருந்துக் குளிசைகளை முழுக்கப் போட்டு முடியுங்கள். இங்கே எல்லோரும் சுகம்.

அன்றைக்கு நீங்கள் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். பேசினால் அழுதுவிடுவேன் போல இருந்தது, அதனால்தான் உளுந்து வடை வாங்கப் போனேன்.

ரிப்போர்ட் சொல்கிற நாளுக்கு என்னால் வர முடியாது மச்சான். கடையில் சரக்கு இறங்குகிறது. தனியே போக வேண்டாம். டாக்டர் சொல்வதைக் காது கேட்கிற ஒரு ஆள் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள். எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். நீங்கள் எனக்கு எழுதின முதல் கடிதத்தில் பயப்படுகிறேன் என்று சொன்னது போலச் சொல்லுங்கள், அது போதும்.

சாமிப் படத்துக்கு இப்போது தினமும் கற்பூரம்தான்.

உங்கள்
ராஜதுரை


மேல் டிவிஷன்
4 ஒக்டோபர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். உன் அக்கா அடுப்படியில் இருக்கிறாள், நான் உனக்கு எழுதுவது இப்போது அவளுக்கும் தெரியும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்தான். எடுத்த சதைத் துளிகள் சிலதில் இருக்கிறதாம். ஆனால் சுரப்பிக்குள்ளேயே நிற்கிறது, வெளியே பரவியதாகப் படத்தில் தெரியவில்லை என்றார் டாக்டர். எலும்பையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்தியத்தைத் தொடங்கலாம், சுகப்படுத்தக்கூடிய நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள் என்றார். உன் அக்கா இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் சோறு இறங்குகிறது.

இனி எழுதப் போவதை யாருக்கும் சொல்லக் கூடாது என்றிருந்தேன். ஜூன் மாதம் நான் ஏன் வரவில்லை என்று கேட்காதே என்றேனே. அன்றைக்குத் தேயிலைக் கொழுந்து லொறிக்கு வழிவிட பஸ் வெகுநேரம் நின்றது. குடித்த தண்ணீரை என்னால் அடக்க முடியவில்லை. சாரத்தோடு போய்விட்டது, மாப்பிள்ளை. எழும்பி நின்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீழ் டிவிஷன் பொம்பளைகள் இறங்கிப் போன பிறகு நானும் ஒரு வெறும் ரோட்டில் இறங்கி, உடுப்பு முழுவதும் ஒரே ஈரமாகும் வரைக்கும் மழையில் நின்றேன். செத்துவிடலாம் போல இருந்தது. நோய் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், இனி பஸ் ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ரிப்போர்ட்டுக்குப் போவதற்கு முதல் நாள்தான் உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அழுவாள், சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். சரி என்று ஒரு சொல் சொல்லிவிட்டுச் சேலையை மடித்து வைத்தாள். காலையில் பார்த்தால் றம்ஸானின் த்ரீவீல் பழுது. பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றானதும் காலைத் தேத்தண்ணீரையும் தள்ளி வைத்தேன். சொட்டுத் தண்ணீர் குடிக்காமல்தான் ஏறினேன். அப்படியும் பாதி வழியில், ஒரு வளைவில் பஸ் தூக்கிப் போட்டபோது, நடந்துவிட்டது. எதிர் ஆசனத்தில் அதே கீழ் டிவிஷன் பொம்பளைகள். அதில் ஒருத்தி அந்த நேரம் பார்த்துத் தலைவர் மாமா சுகமா என்று கேட்கிறாள். நான் இறங்குவதற்கு மணிக் கயிற்றைப் பிடிக்கக் கையைத் தூக்கிவிட்டேன்.

உன் அக்கா என் மடியை ஒரு தரம் பார்த்தாள். பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், என் மடியிலும் தன் சேலையிலும் சேர்த்து மொத்தத்தையும் ஊற்றிவிட்டாள். ஊற்றிவிட்டு பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள்.

"ஒரு போத்தல் மூடியை ஒழுங்கா போட ஏலாதா ஒங்களுக்கு? இந்தா பாருங்க, என் சேலையும் நாசம். தலைவராம் தலைவர்!"

பொம்பளைகள் எல்லோரும் சிரித்தார்கள். பாவம் மாமா, விடுங்க சீதாக்கா என்று ஒருத்தி தன் துவாயை நீட்டினாள். உன் அக்கா அதை வாங்கி, வைதுகொண்டே என் மடியைத் துடைத்தாள். தூக்கியிருந்த என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு என் நல்ல காதுப் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னைக்கி மாதிரி எறங்கிப் போயிடாதீங்க. நான் இருக்கேன்ல."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரத்தினபுரி வரும் வரைக்கும் அவள் என் கையை விடவில்லை. இரண்டு பேரும் நனைந்த உடுப்போடு கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கு முன்னால் அவள்தான் எழும்பினாள்.

அன்புடன்
ஐயாவு